பேஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வவுண்ட்: லபெல்லாவா, தாமஸ்டிக்கா, குரோம்ஸா, ரோட்டோசவுண்டா?

ஃபிளாட்வவுண்ட், அதாவது தட்டையான ரிப்பன் சுற்றிய கம்பி, மாட்டப் போகிறேன் என்று கிளம்பும் பேஸ் வாசிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுவது 'பழைய சவுண்ட்'. அதை மட்டும் பார்த்து செட் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நல்ல ஃபிளாட் எதுவானாலும் சில மாதம் வாசித்தால் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிடும். மாறவே மாறாதது டென்ஷன், அதாவது கம்பியின் இறுக்கம். முதல் நாள் விறைப்பாக இருந்த செட் மூன்றாம் வருடமும் விறைப்பாகத்தான் இருக்கும். ஃபிளாட்டை வருடக்கணக்கில் மாற்றாமல் வாசிப்பது சர்வசாதாரணம் என்பதால், கைக்கு ஒத்துவராத செட்டை வாங்கிவிட்டால் அதோடு ரொம்ப நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இங்கே நான்கு செட்களை எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கழுத்து முனையில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) பேஸுக்கானவை. கம்பித் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது 45 என்றால் 0.045 அங்குலம். வரிசை மெல்லிய ஜி கம்பியில் தொடங்கி டி, ஏ வழியாகத் தடித்த ஈ கம்பியில் முடியும்.

அதற்கு முன் டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ரவுண்ட்வவுண்டில் நடுக்கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றுக்குச் சுற்று பள்ளம் இருக்கும். விரலை நகர்த்தினால் 'சர்ர்' என்று கேட்கும். ஃபிளாட்டில் வெளிச்சுற்று தட்டையான ரிப்பன். பள்ளம் அடைபடுவதால் அதே தடிமனுக்குள் உலோகம் அதிகம். கனம் கூடினால் அதே சுருதிக்குக் கொண்டுவர இன்னும் முறுக்க வேண்டும். அதனால்தான் 45-105 ரவுண்டிலிருந்து 45-105 ஃபிளாட்டுக்கு வருபவர்கள் "இது என்ன இவ்வளவு இறுக்கமா இருக்கு" என்கிறார்கள். கம்பி வளைய மறுப்பதால் மேல் ஹார்மோனிக்ஸ் சீக்கிரம் அடங்கிவிடும். 'தும்' என்று முதலில் ஒரு தட்டு, பிறகு அடிநாதம் மட்டும்.

ரவுண்டிலேயே டோன் நாபைக் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நாப் குறைப்பது ட்ரெபிளை மட்டும்தான். சுரம் எழும் விதமும் அடங்கும் விதமும் ரவுண்டுக்கு உரியதாகவே இருக்கும். ஆனாலும் காசு செலவழிப்பதற்கு முன் ஒரு ஒத்திகைக்கு அது நல்ல வழி. நாபைக் குறைத்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். அந்தச் சத்தமே உங்களுக்கு அலுத்துப் போனால் ஃபிளாட் உங்களுக்கானது இல்லை.

லபெல்லாவில் இருந்து தொடங்குவோம். நியூயார்க் மாநிலத்துக் கம்பெனி. டீப் டாக்கின் பேஸ் என்ற வரிசை. இந்தப் பெயரைச் சொன்னாலே மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனியின் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் பேச்சும் கூடவே வந்துவிடும். அவருடைய 1962 ஃபெண்டர் பிரெசிஷன் பேஸில் கனமான லபெல்லா ஃபிளாட், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், பலகையிலிருந்து கம்பி எழும்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷன். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அந்த அளவிலேயே 52-73-95-110 என்று ஒரு செட்டை லபெல்லா இன்றும் விற்கிறது, 760M என்ற எண்ணில்.

அதை வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பரிந்துரை. ஜேமர்சன் போல வாசிக்க ஆசைப்பட்டு இந்தச் செட்டை வாங்குபவர்களுக்கு அவருடைய விரலும் சேர்ந்து வருவதில்லை. 52 கேஜ் ஜி கம்பியை அழுத்தி ஒரு செமிடோன் வளைக்கப் பாருங்கள், புரியும். கழுத்து முன்னோக்கி வளையும், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற தண்டை முறுக்க வேண்டும், 110 ஈ கம்பி உட்கார நட்டின் பள்ளத்தை அராவ வேண்டியும் வரலாம். ஒருமுறை அராவிய நட் மறுபடி குறுகாது. பிறகு மெல்லிய செட்டுக்குத் திரும்பினால் கம்பி அதில் ஆடும்.

அதே வரிசையில் 43-104 அளவில் 760FL இருக்கிறது. பிரெசிஷன் பேஸ் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு ஃபிளாட் செட் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், புதிதாக இருக்கும்போது லேசாக உலோகச் சத்தம் வரும், கொஞ்ச வாரத்தில் அது உதிர்ந்து போகும். பிறகு ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் ஒரு ஜி வாசித்தால், கிக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு ஒரே அடியாகக் கேட்கும். கம்பிக்குக் கம்பி சத்தம் ஏறி இறங்காமல் வருவது இதன் பெரிய பலம். 760FL கூட இறுக்கம் என்று தோன்றினால் லபெல்லாவிலேயே லோ டென்ஷன் ஃபிளாட்ஸ் என்று தனிச் செட் உண்டு.

வியன்னாவின் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் முற்றிலும் வேறு பாதை. 1919-ல் தொடங்கி, வயலின் கம்பிகளுக்குப் பேர்போன கம்பெனி. அவர்களின் ஜாஸ் ஃபிளாட்ஸ் JF344 செட் சுத்தமான நிக்கல், அளவு 43-56-70-100. இந்த எண்களை லபெல்லாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ கம்பி வெறும் 70! மற்ற செட்களில் அந்த இடத்தில் 80 அல்லது அதற்கு மேல் இருக்கும். கையில் எடுத்தாலே துவண்டு விழும். மாட்டி சுருதி சேர்த்த பிறகும் ரவுண்டை விட மென்மையாகத் தோன்றும். ஃபிளாட் என்றால் விறைப்பு என்று நினைத்தவர்கள் இதை ஒருமுறை தொட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

சத்தத்திலும் அந்த மென்மை உண்டு. 'தும்' குறைவு, சுரம் நீளம். நடுப்பகுதி, அதாவது மிட்ஸ், முன்னால் வந்து நிற்கும். விரலால் அசைத்தால் கம்பி இசைந்து கொடுப்பதால் மெலடியும் சறுக்கலும் வாசிக்கச் சுகம். ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸுக்கு என் ஓட்டு யோசிக்காமல் இதற்குத்தான். ரவுண்ட் கம்பி விரல் அழுத்தும் ரோஸ்வுட் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கோடு போட்டுவிடும். ஃப்ரெட்லெஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட் போட்டு வாசித்த பலகையின் மேல் எபாக்ஸி பூச்சு இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. மேடையில் உற்சாகம் ஏறி ஓங்கி இழுக்கும் பழக்கம் உள்ளவர் இதை மாட்டினால் ஈ கம்பி ஃப்ரெட்டில் மோதிப் படபடக்கும். டென்ஷன் குறைந்ததும் கழுத்து பின்னோக்கி நிமிர்வதால் முதல் சில ஃப்ரெட்களில் கம்பி உரசி 'பஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும். ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்திப் பார்க்க வேண்டும். நான்கில் விலை கூடியதும் இதுதான். ஆனால் வருடங்களில் வகுத்துப் பார்த்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு ரவுண்ட் செட் வாங்குபவர் செலவழிப்பதைவிட இது குறைவாகவே வரும்.

டடாரியோ குரோம்ஸ் பற்றி ஃபிளாட் பக்தர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "அது பாதி ரவுண்ட்" என்பார்கள். ECB81 செட் 45-65-80-100. புதிதாக மாட்டும்போது நான்கிலும் பளிச்சென்று கேட்பவற்றில் இதுவும் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் அதுவே பலருக்கு வசதி. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் ஒரே பேஸை வைத்துக்கொண்டு எழுபதுகளின் மெலடிக்கும், எண்பதுகளின் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ் வரிகளுக்கும், நடுவே ஒரு குத்துப்பாட்டுக்கும் வாசிக்க வேண்டியவர் லபெல்லாவை மாட்டினால் குத்துப்பாட்டில் காணாமல் போய்விடுவார். குரோம்ஸ் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். மேடை வியர்வையில் ரவுண்ட் போல சீக்கிரம் செத்தும் போகாது. கழுத்தை அதிகம் தொந்தரவு செய்யாத அளவு, எளிதில் கிடைக்கும், விலையும் கட்டுப்படி. இருக்கும் ஒரே பேஸில் முதல்முறை ஃபிளாட் போடுபவர் இதில் தொடங்கினால் தப்பில்லை. விறைப்பு மட்டும் தாமஸ்டிக்கைத் தொட்ட கைக்கு உறுத்தும்.

ரோட்டோசவுண்ட் என்றால் எல்லோருக்கும் ரவுண்ட்தான் நினைவுக்கு வரும். 1966-ல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் அவர்களோடு உட்கார்ந்து ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியைச் செப்பனிட்ட கதை பிரபலம். அதே கம்பெனியின் ஜாஸ் பேஸ் 77 மோனல் என்ற நிக்கல்-செம்பு கலப்பு உலோகத்தில் செய்த ஃபிளாட். பெயரில் ஜாஸ் இருந்தாலும் இதன் வீடு ராக் மேடை. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது இந்த வகைதான்; அவர் பெயரில் வரும் செட் 50-75-95-110. குதிரைப் பாய்ச்சல் போல விரல் ஓடும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஃபிளாட் மந்தமானது என்று யாரும் சொல்ல முடியாது. டென்ஷன் தாராளம், உறுமல் உண்டு, பிக் வைத்து வாசிப்பவருக்கு நன்றாக அமையும். மென்மையான கைக்கு நான் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஃபிளாட்டின் முழுத்தடிமன் பகுதி சுருதி சேர்க்கும் பெக்கைச் சுற்றக் கூடாது. மெலிந்த நுனி மட்டும் சுற்ற வேண்டும், இல்லையென்றால் ரிப்பன் பிளந்துகொள்ளும். அதனால் ஸ்கேல் நீளத்தைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். 30 அங்குல பேஸுக்கு 34 அங்குல செட்டை வெட்டி மாட்டுவது ஆகாத வேலை. பெக்கைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று தளர்ந்து, கம்பி உயிரில்லாமல் ஒலிக்கும். உடலைத் துளைத்துப் பின்னாலிருந்து கம்பி கோர்க்கும் பேஸ் என்றால், பிரிட்ஜ் வழியாகவே மாட்ட வழி இருக்கிறதா பாருங்கள். அந்தக் கூர்மையான வளைவு பல ஃபிளாட்களுக்கு ஆகாது. சுருதி சேர்த்ததும், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடலுக்கு முன்னால் கம்பியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி விடுங்கள். இன்டொனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருகிறதா என்பதை, அன்றே பார்க்காதீர்கள். கம்பி இழுபட்டு அமர ஒன்றிரண்டு நாள் கொடுத்து, கழுத்தைச் சரிசெய்த பிறகு கடைசியாகப் பாருங்கள்.