ஆயாவின் தோடா, கடை வைரமா, லேப் வைரமா?

சித்தூரில் எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ், நகைக்கடைப் பேச்சு பாதி தெலுங்கு. கடைக்காரர் 'ரவ்வல கம்மலு' என்பார், நாங்கள் வைரத்தோடு என்போம். பொடி வைரத்தை ரவை என்பது தமிழிலும் உண்டு, அதனால் இந்த ஒரு சொல்லில் சண்டை வந்ததே இல்லை. சண்டை வந்தது 'டைமண்ட்' என்ற சொல்லில்.

தங்கை மகளுக்குக் கல்யாணத் தோடு, காதுக்கு ஏழு கல். மூன்று யோசனை இருந்தது. ஆயா, அதாவது எங்கள் பாட்டி, விட்டுப்போன தோட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது ஒன்று. கடையில் இயற்கை வைரம் எடுப்பது இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டில் யாரோ கிளப்பிவிட்ட லேப் வைரம், அதாவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம், மூன்றாவது.

"என் தோடு புளூ ஜாகராக்கும்" என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்றொரு சுரங்கம், நீலச் சாயலடிக்கும் வெள்ளைக் கல்லுக்குப் பேர்போனது. 995 காரட் எக்ஸெல்சியர் கல் 1893இல் அங்கேதான் கிடைத்தது. சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். ஆகவே இன்று ஒரு கடையில் புதுக் கல்லைக் காட்டி புளூ ஜாகர் என்றால் அது தரத்துக்குச் சொல்லும் பழக்கப் பேர், பிறந்த ஊர் இல்லை.

ஆயாவின் தோட்டில் கல் பதித்திருந்த கட்டடம் பின்பக்கம் மூடியது. பத்தர் ஒரு கல்லைக் கிளப்பிக் காட்டினார். அடியில் வைத்த தகடு கறுத்து, எண்ணெயும் மஞ்சளும் சேறாக அப்பியிருந்தது. மூடிய கட்டடத்தில் கல்லின் நிறத்துக்குத் தகடும் ஒத்தாசை செய்யும், கழற்றினால்தான் உண்மை தெரியும். கழுவி வெள்ளைக் காகிதத்தில் வைத்ததில் பன்னிரண்டு நல்ல வைரம். மற்ற இரண்டும் வெள்ளைப் புஷ்பராகம். எந்தக் காலத்திலோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். தங்கை முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

சரி, கடை வைரம். முதலில் குழப்புவது காரட். தங்கத்தில் காரட் என்றால் சுத்தம்: 22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750 என்று முத்திரை இருக்கும். வைரத்தில் காரட் என்றால் எடை: ஒரு காரட் 0.2 கிராம், அதையே நூறு சென்ட்டாகப் பிரிப்பார்கள். பத்து சென்ட் வீதம் 14 கல் போட்டால் மொத்தம் 1.40 காரட், எடை 0.28 கிராம். அந்த 0.28 கிராமுக்கும் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் நிகர எடையைப் பாருங்கள். 1.40 காரட் என்றதும் மயங்கவும் வேண்டாம். ஒரே கல் 1.40 இருந்தால் விலையே வேறு, பொடிக் கல்லாகச் சேர்த்தது அதில் சின்னப் பங்குதான்.

'இ.எஃப்., வி.வி.எஸ்.' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நிறத்தை டி-யில் தொடங்கி இசட் வரை அளக்கிறார்கள், டி-தான் நிறமே இல்லாதது. இ, எஃப் அடுத்த இரண்டு படி. வி.வி.எஸ். என்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸிலும் லேசில் கண்ணில் படாத உள்குறை. காதில் போட்டு எதிரே நிற்கிறவருக்கு அதற்கடுத்த தரமான வி.எஸ். கல்லும் அப்படியேதான் தெரியும். அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது எனக்கு வீம்பாகப் படுகிறது.

லேப் வைரத்தைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு நான் இல்லை. அதுவும் கார்பன்தான், அதே கடினம்தான். சூரத்தில் மீத்தேன் வாயுவிலிருந்து அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். 2023இல் பிரதமர் அமெரிக்கா போனபோது ஜில் பைடனுக்குக் கொடுத்தது 7.5 காரட் லேப் வைரம். ஊதிப் பார்ப்பது, கருவி வைத்துச் சூடு பார்ப்பது எதிலும் இரண்டும் பிரியாது. ஆனால் விலை சில வருஷங்களில் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் பல கடைகளில் பேச்சு மாறுகிறது. கர்னூல் பக்கம் ஜொன்னகிரி, துக்கலி வயல்களில் முதல் மழை விழுந்ததும் ஜனங்கள் குனிந்த தலை நிமிராமல் கல் தேடுவது இந்த வகைக்காக இல்லை.

நான் ஏமாறப் பார்த்தது இங்கேதான். ஒரு கடையில் "டைமண்டுதாம்மா, சர்டிபிகேட் இருக்கு" என்றார்கள். சர்டிபிகேட் இருந்தது நிஜம். பில்லில் பொடி எழுத்தில் எல்.ஜி.டி. என்று இருந்ததும் நிஜம், லேப் வைரத்தின் சுருக்கெழுத்து. ஐ.ஜி.ஐ. போன்ற நிறுவனங்கள் இரண்டு வகைக்கும் சான்று தருகின்றன. இன்னொரு சான்று நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2025 அக்டோபரிலிருந்து லேப் கல்லுக்கு டி, வி.வி.எஸ். போன்ற எழுத்துத் தரங்களை விட்டுவிட்டு பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டே வகை பிரிக்கிறது. சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எதற்குச் சான்று என்று படிக்கணும்.

அமெரிக்கன் டைமண்ட் என்பது ஜிர்கோனியா, வைரமே இல்லை. அதே அளவு வைரத்தைவிடக் கனம் அதிகம். மாய்சனைட் என்று வைரம் போலவே இருக்கும் இன்னொரு கல் அதைவிடக் கெட்டிக்காரன், சூட்டை மட்டும் பார்க்கும் பழைய கருவியில் வைரம் மாதிரியே பீப் அடிக்கும். வீட்டில் முத்து மாலையும் கேட்டார்கள். ஐதராபாத் முத்து ஐதராபாத்தில் விளைவதில்லை, அங்கே துளைத்துக் கோத்து விற்கிறார்கள். இரண்டு முத்தை உரசினால் லேசாக மணல் போல நெருடணும், வழுக்கினால் வாங்காதீர்கள்.

முடிவு என்னுடையதுதான், தங்கை ஒப்புக்கொண்டாள். தோடு பரம்பரைக்குப் போகிற பொருள், அதனால் ஆயாவின் பன்னிரண்டோடு இரண்டு இயற்கைக் கல் சேர்த்து, பின்பக்கம் திறந்த கட்டடம். வேலைக்குப் போகிற பெண் தினம் போடும் மூக்குத்திக்கு லேப் வைரம், தொலைந்தால் வயிறு எரியாது. தோட்டில் புதிதாகச் சேர்த்த இரண்டு கல்லுக்கும் பில்லில் 'இயற்கை வைரம்' என்று எழுதச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல அப்படி வராதும்மா" என்றார் கடைக்காரர். பேனாவால் எழுதி, முத்திரை வைத்து வாங்கினேன்.