கிங்பின் மாற்றியதாக பில் போட்டார்கள், மாற்றியது பெயின்ட் மட்டும்தான்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் பழைய பத்மினி கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

மாமனார் கொடுத்த 1978 மாடல் வண்டி. வளைவில் ஒடிக்க இரண்டு கையும் போதவில்லை, ஒடித்த ஸ்டீரிங் தானாக நேருக்கும் வராது. பாலக்காட்டில் ஒரு பட்டறையைச் சொன்னார்கள், விட்டேன். பதினோரு நாள் கழித்து பில் 14,800. இரண்டு பக்கமும் கிங்பின் செட் (முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கிற கம்பி), அதன் புஷ், டை ராட் எண்ட் (ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை), கம்ப்யூட்டர் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபார்ப்பது). குனிந்து பார்த்தால் அடியில் எல்லாம் கறுப்புப் பெயின்ட்டில் பளபள என்று இருந்தது, அதில்தான் விழுந்தேன்.

சித்தூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது. நேராகப் போகும்போது ஸ்டீரிங்கில் முன்பிருந்த ஆட்டம் இல்லை, ஆனால் முழுசாக ஒடித்தால் பிடித்துக்கொள்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழய வண்டியல்லே சேட்டா, ஓடி ஓடி சரியாகும்" என்றார் பட்டறைக்காரர். சரி என்று ஓட்டினேன். ஆயிரம் கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் போச்சு, கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி அறுக்கும்.

அப்புறம் பொள்ளாச்சியில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார், கடக் கடக் என்றது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், அப்போதும் அதே சத்தம். பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் மிதித்ததும் நின்றுவிடுமாம், நிற்கவில்லை என்றால் கிங்பின்தான். வலது பக்கம் டை ராடைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் திரும்பவே மாட்டேன் என்கிறது. கிங்பின்னுக்குக் கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்கான நிப்பிளில் பெயின்ட்டைச் சுரண்டினார், அடியில் கல்லாக இறுகின பழைய மண். "இதுக்குள்ள கிரீஸ் போயி வருசக்கணக்காச்சுங்க தம்பி" என்றார்.

ஸ்டீரிங் ஆட்டம் எப்படிக் குறைந்தது என்றால், ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பல்சக்கரப் பெட்டி) ஸ்க்ரூவை முறுக்கி வைத்திருக்கிறார்கள். பாக்ஸ் தேய்வது நடுவில்தான், நேராக ஓட்டுவதுதானே அதிகம். அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ப முறுக்கினால் தேயாத ஓரங்களில் பிடிக்காமல் என்ன செய்யும்? அலைன்மென்ட் தாளை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன், மேலே வேறு ஏதோ சின்னக் காரின் பேர் இருக்கிறது. கிங்பின் ஆடுகிற வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பதே வீண், அதிலும் அடுத்தவன் வண்டி அளவு.

உக்கடத்தில் கிங்பின் செட் வாங்கிக் கொடுத்து, கூலியோடு 6,200 ஆனது, டயர் தனி. நீங்கள் வண்டி விடும் முன்பே பழைய சாமான் கைக்கு வந்தால்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள், நிப்பிளைத் துடைத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பாலக்காட்டுக்காரர் போனில் 3,000 திருப்பித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. கழற்றின கிங்பின் டிக்கியிலேயே கிடக்கிறது, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது, அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது அவர் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.