காசாவின் மறுகட்டுமானம்: கானாடுகாத்தான் பயிலரங்கு குறித்த மதிப்பீடு

சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, இளம் கட்டடக் கலைஞர்கள் சிலர் வார இறுதிகளில் நகரத் திட்டமிடல் பயிலரங்கு நடத்துகிறார்கள். இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், போரால் நொறுங்கிய காசாவுக்கு முப்பது ஆண்டுக்கான திட்டம் வகுப்பது எப்படி என்பது. கட்டணம் செலுத்திச் சேரலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு, சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் பயிலரங்கின் மிகச் சிறந்த பகுதிக்குத்தான் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; அதைத் தெரிந்துகொண்டு செல்வது நல்லது.

முதல் அமர்வு அளவைப் பற்றியது. சிவகங்கை மாவட்ட வரைபடத்தின் மேல் அதே அளவுகோலில் வரைந்த காசாவின் மெல்லிய தாளை வைத்துக் காட்டினார்கள். நமது மாவட்டத்தின் பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 13 லட்சம். காசாவின் பரப்போ 365 சதுர கிலோமீட்டர்தான். நீளம் 41 கிலோமீட்டர். அதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர்கள். ஜபாலியா அகதி முகாம் மட்டும் சுமார் 1.4 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற அகதிகளுக்கு உரியது. இந்த எண்களைப் பலமுறை படித்திருக்கிறேன். நம்முடைய மண்ணின் மேல் அந்தத் தாள் விரிந்தபோதுதான் நெருக்கம் என்பது என்னவென்று மனத்தில் பதிந்தது.

தண்ணீர் பற்றிய அமர்வும் செறிவானது. காசா நம்பியிருப்பது கடலோர நிலத்தடி நீரை. வடக்கில் ஆண்டுக்கு சுமார் 400 மில்லிமீட்டரும் தெற்கில் அதில் பாதியுமே மழை பெய்கிறது. மழையால் ஊறுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பல ஆண்டுகளாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது, கழிவுநீரும் கலந்தது. 2023இல் போர் தொடங்குவதற்கு முன்பே அங்கு நிலத்தடி நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. 2020இல் காசா வாழத் தகுந்த இடமாக இருக்குமா என்று ஐக்கிய நாடுகள் அவை 2012இலேயே ஓர் அறிக்கையில் கேள்வி எழுப்பியிருந்தது. காசா நகரில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குவதற்காக அமைத்த ஷேக் ரத்வான் குளம், போரில் நீரேற்றும் அமைப்புகள் செயலிழந்ததால் கழிவுநீர்த் தேக்கமாக மாறியதைப் படங்களோடு விளக்கினார்கள். குழாயும் மின்சாரமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது.

இடிபாடு பற்றிய அமர்வு சுருக்கமானது. ஐந்து கோடி டன்னுக்கும் மேற்பட்ட சிதைவுகளில் வெடிக்காத குண்டுகளும் மனித உடல்களும் கிடக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டு, கற்களை அரைத்துச் சாலைக்கு இடும் முறையை மட்டும் விளக்கினார்கள். துறைமுகம், விமான நிலையம் ஆகியவற்றைத் தாராளமாக வரையச் சொன்ன அமர்வு எனக்கு ஏமாற்றமளித்தது. 1998இல் திறக்கப்பட்ட காசா விமான நிலையத்தின் ஓடுபாதை நான்கு ஆண்டுகளுக்குள் அழிக்கப்பட்டுவிட்டது. 2014 போருக்குப் பிறகு உள்ளே சென்ற சிமெண்டும் யாருக்குப் போகிறது என்ற கண்காணிப்பின் கீழ்தான் சென்றது. எல்லை யார் கையில் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு வரையும் எந்தப் படமும் ஆசிரியரின் மேசையிலேயே நின்றுவிடும்.

கடைசி நாள் பிற்பகலில் வந்த நில உரிமை அமர்வைத்தான் நான் சிறந்தது என்றேன். ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர், "தம்பி, ரோடு எங்க போகுதுங்கறது அப்புறம். பட்டா யார் பேர்ல இருக்கு? அதச் சொல்லுங்க" என்று கேட்டபோது கூடம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாங்கள் அமர்ந்திருந்த வீட்டுக்கே பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், சிலர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையெழுத்து கிடைக்காததால் ஓடு மாற்றப்படாமல் நிற்கும் வளவு வீடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. காசாவில் உஸ்மானியத் துருக்கியர், பிரிட்டிஷார், எகிப்தியர், இஸ்ரேலியர் என்று அடுத்தடுத்த ஆட்சிகளின் நிலப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முகாம்களில் குடியிருப்போருக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைதான் உண்டு, உடைமை இல்லை. வாரிசுகள் பலர் இறந்துவிட்டார்கள். ஆவணங்கள் வீட்டோடு புதைந்துவிட்டன.

இத்தகைய சிக்கலை எப்படிக் கையாளலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக, வடக்கு லெபனானில் பாலஸ்தீன அகதிகள் வாழும் நஹ்ர் அல்-பாரித் முகாமைக் காட்டினார்கள். 2007இல் நடந்த சண்டையில் அந்த முகாம் தரைமட்டமாகி, சுமார் 27,000 பேர் வெளியேறினார்கள். அங்கே அரசுத் திட்டத்துக்குக் காத்திராமல், குடியிருந்தோரும் தன்னார்வப் பொறியாளர்களும் குடும்பம் குடும்பமாகச் சென்று, எந்தச் சுவருக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்று கேட்டு, இல்லாத ஊரை நினைவிலிருந்து வரைபடமாக்கினார்கள். பழைய அக்கம்பக்கம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்பதும் அவர்கள் வலியுறுத்தியவை. படை வாகனங்கள் நுழைய அகலத் தெருக்கள் வேண்டும் என்ற நெருக்குதலோடு அவர்கள் பேரம் பேச நேர்ந்தது. பணம் வந்துசேராமல் பணி பல ஆண்டுகள் இழுத்தது. முப்பது ஆண்டுத் திட்டத்தின் முதல் ஏடு மக்களின் வாய்மொழிப் பதிவாகவே இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த அமர்வுக்குக் கிடைத்ததோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

பிற செய்திகள்: வகுப்பு முழுவதும் நல்ல தமிழில் நடக்கிறது, கலைச்சொற்களை விளக்கிய பிறகே பயன்படுத்துகிறார்கள். அச்சிட்டுத் தரும் பயிற்சி ஏட்டின் வரைபடங்கள் தெளிவானவை, ஆனால் பெரும்பாலானவை 2023க்கு முந்தைய நிலையைக் காட்டுகின்றன. இப்போது தரையில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். மதிய உணவு எளிமையானது, சுவையானது. கூடத்தில் மின்விசிறி போதாது. சித்திரை, வைகாசியில் செல்வோர் தயாராகச் செல்லவும். கட்டணம் மாணவர்களுக்குப் பாதி என்பது பாராட்டத்தக்கது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்ட நிலையில், அதன் வார்டு உறுப்பினர்களும் நகரமைப்பு அலுவலர்களும் இதில் அமர்ந்தால் பயன் பெரிது. அடுத்த பயிலரங்கில் நில உரிமை அமர்வை முதல் நாள் காலைக்கு மாற்றி, அந்த நில அளவையரையே அதை நடத்தச் சொல்லுமாறு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.