அலுவலகத் தகவல் எவருடைய கைபேசியில்? நான்கு வழிகளின் ஒப்பீடு

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பணியிலிருந்து விலகிய ஒருவரின் கைபேசி, கடைசி நாள் மாலை அவர் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து, மீண்டும் எழுந்து, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றது. கைபேசி அவருடைய சொந்தப் பணத்தில், மாதத் தவணையில் வாங்கியது. அலுவலக மின்னஞ்சலை நீக்குவதாக எண்ணி ஐடி பிரிவில் ஒருவர் அழுத்திய பொத்தான் முழுக் கைபேசியையும் அழித்துவிட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் அதோடு போயின. ஐடி ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதி அந்த விவகாரத்தை முடித்தார்கள். பிறர் கைபேசியை அடியோடு அழிக்கும் அதிகாரம் அவருடைய திரையில் எதற்காக இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் அன்றைய தொழில்நுட்பம். கைபேசியை நிறுவனம் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதற்காக 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2-உடன் வந்த ‘டிவைஸ் அட்மின்’ முறைக்கு அலுவலகம், சொந்தம் என்ற பாகுபாடே தெரியாது. ஊழியர் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் கடவுச்சொல் விதியும் அழிக்கும் உரிமையும் கைபேசி முழுவதையும் கட்டுப்படுத்தும். 2015-இல் ‘ஆண்ட்ராய்டு ஃபார் வொர்க்’ என்ற பெயரில் பணிச் சுயவிவரத்தை, அதாவது கைபேசிக்குள் அலுவலகச் செயலிகளுக்கெனத் தனியாகப் பிரித்த பகுதியை, கொண்டுவந்த கூகுள், ஆண்ட்ராய்டு 10-இல் அந்தப் பழைய முறையின் முக்கியமான அதிகாரங்கள் சிலவற்றை விலக்கிக்கொண்டது. ஆகவே இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: நிறுவனமே வாங்கி முழுவதும் நிர்வகிக்கும் கைபேசி, நிறுவனம் வாங்கினாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு இடம்விடும் கைபேசி, ஊழியரின் சொந்தக் கைபேசியில் தனியாகப் பிரித்த பணிப்பகுதி, கைபேசியைத் தொடாமல் செயலிகளை மட்டும் காக்கும் முறை.

முதல் வழியைப் பற்றி அதிகம் விவாதிக்க இடமில்லை. கிடங்கில் பார்கோடு வருடும் கருவி, பொருள் கொண்டுசெல்பவரின் கைபேசி, மருத்துவமனை வார்டில் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் டேப்லெட் ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தம். ஓரிரு செயலிகளைத் தவிர வேறெதையும் திறக்கவிடாமல் பூட்டிவைக்கலாம். பெட்டியைப் பிரித்து வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் குறியீட்டைப் படிக்கும் கேமரா திறக்கும், அங்கிருந்து மீதி தானாக நடக்கும். அலுவலகப் பணியாளர்களுக்கும் இதையே கொடுத்தால், சட்டைப்பையில் இரண்டு கைபேசிகள் சுமப்பவர்களையும், அலுவலகக் கைபேசியை மேசை இழுப்பறையில் விட்டுவிட்டு வேலையை வாட்ஸ்அப்பில் நடத்துபவர்களையும்தான் உருவாக்குவோம். பாதுகாப்பு என்ற பெயரில் செய்த செலவு முழுவதும் அந்த இழுப்பறையில் உறங்கும்.

இரண்டாவது வழி 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-ஆல் தலைகீழாக மாறியது. அதற்கு முன், கைபேசி நிறுவனத்துடையது என்றால் முழுக் கைபேசிக்கும் நிர்வாகியே உரிமையாளர். உள்ளே ஒரு பணிச் சுயவிவரம் இருந்தாலும் மறுபக்கத்தை அவரால் பார்க்க முடியும். இப்போது சொந்தப் பக்கத்தில் இன்ன செயலி கூடாது என்று அவர் தடைப்பட்டியல் போடலாம், கேமராவை முடக்கலாம், தேவைப்பட்டால் கைபேசி முழுவதையும் அழிக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தெந்தச் செயலிகள் இருக்கின்றன என்ற பட்டியல் அவருக்குக் கிடைக்காது. பாதுகாப்புப் பிரிவினர் சிலர் இதைக் கைகட்டப்பட்ட நிலை என்று குறைசொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊழியரின் வங்கிச் செயலியோ திருமணத் தகவல் செயலியோ தெரிந்து நிறுவனத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால், எனக்கு அந்தக் குறையில் நியாயம் தெரியவில்லை.

உண்மையான போட்டி மூன்றாவது வழிக்கும் நான்காவதுக்கும் இடையில்தான். பணிச் சுயவிவரத்தில் அலுவலகச் செயலிகள் சிறிய கைப்பெட்டிச் சின்னத்துடன் தனியே நிற்கும். ஒரே செயலி இரண்டு பிரதிகளாக, ஒன்று சொந்தக் கணக்குக்கும் ஒன்று அலுவலகக் கணக்குக்குமாக இருக்கும். ஒரு பக்கம் நகலெடுத்ததை மறுபக்கம் ஒட்டவிடாமல் தடுக்கலாம். நிறுவன வலையமைப்புக்குள் செல்லும் பாதுகாப்பான இணைப்பான விபிஎன் அந்தக் கைப்பெட்டிச் செயலிகளுக்கு மட்டும் பொருந்தும். வெள்ளிக்கிழமை மாலை ஊழியர் ஒரே தட்டில் பணிப்பகுதியை நிறுத்திவைத்தால் அந்தச் சின்னங்கள் சாம்பல் நிறமாகி, திங்கள் வரை ஓசையில்லாமல் கிடக்கும். விலகும் நாளில் நிர்வாகியால் அழிக்க முடிவது அந்தப் பகுதியை மட்டும்தான். சொந்தக் கைபேசியில் முழு அழிப்புக்கு வழியே இல்லாததால், நான் மேலே சொன்ன விபத்து இங்கே நடக்காது.

ஐபோனில் இதற்கு இணையானது 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்த பயனர் பதிவு முறை. அலுவலகத் தரவு தனிச் சேமிப்புப் பகுதியில், தனிச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கிறது. பதிவை நீக்கினால் பகுதியும் சாவியும் சேர்ந்து அழிகின்றன. கைபேசியின் வரிசை எண்ணைக்கூட நிர்வாகி பார்க்க முடியாது. ஆனால் ஐபோனில் ஒரு செயலிக்கு ஒரே பிரதிதான். ஊழியர் ஏற்கெனவே தாமாக நிறுவிய ஒரு செயலியை நிறுவனம் தன் வசம் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் அதை நீக்கி, நிறுவனத்தின் வழியாக மீண்டும் நிறுவ வேண்டும். உதவி மையத்துக்கு முதல் வாரத்தில் வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றியதாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். ஆண்ட்ராய்டின் பிரிவினை கண்ணுக்குத் தெரிகிறது, ஐபோனுடையது தெரிவதில்லை. பயனருக்கு விளக்கிச்சொல்ல முன்னதே எளிது.

நான்காவது வழியில் கைபேசி நிறுவனத்தின் நிர்வாகத்தில் பதிவாவதில்லை. கைபேசி மேலாண்மை மென்பொருளான மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனின் செயலிப் பாதுகாப்புக் கொள்கை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு: அவுட்லுக்கைத் திறக்கத் தனி பின் எண், அதிலிருந்து சொந்தச் செயலிகளுக்கு நகலெடுக்கத் தடை, விலகும்போது அந்தச் செயலிக்குள் இருக்கும் அலுவலகத் தரவை மட்டும் நீக்கும் வசதி. ஆறு மாத ஒப்பந்தத்தில் வரும் ஆலோசகரிடமோ, ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் பதிவில் இருக்கும் கைபேசியை வைத்திருப்பவரிடமோ இதைத் தவிர வேறெதையும் கேட்பது முறையல்ல. இருந்தாலும் விற்பனைப் பேச்சில் சொல்லப்படும் அளவுக்கு இது முழுமையானதன்று. இந்தக் கட்டுப்பாட்டை ஏற்கும்படி எழுதப்பட்ட செயலிகளைத்தான் அது காக்கும். நிறுவனமே உள்ளுக்குள் எழுதிய பழைய விடுப்புச் செயலி அதற்குள் வராது. அலுவலக வைஃபைக்கான சான்றிதழைக் கைபேசிக்கு அனுப்பவும் முடியாது. மேலும், நீக்கும் கட்டளை கொடுத்த நொடியில் தரவு போய்விடுவதில்லை. பயனர் செயலியைத் திறக்கும்போதுதான் அது நிறைவேறும். இணையமே இல்லாமல் கிடக்கும் கைபேசிக்கு, தரவை நீக்கும் முன் இயல்புநிலை அமைப்பில் 90 நாள் கெடு.

தொலைந்த கைபேசியைப் பொறுத்தவரை நான்கு வழிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. எடுத்தவர் சிம்மைக் கழற்றி, இணையத்திலிருந்து துண்டித்துவிட்டால் எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. அப்போது காப்பது குறியாக்கமும் வலுவான திரைப்பூட்டும் மட்டுமே. முதல் மூன்று வழிகளிலும் அவற்றைக் கட்டாயமாக்க முடியும், நான்காவதில் பெரும்பாலும் செயலியின் பின் எண்ணையே நம்ப வேண்டும்.

எந்த மென்பொருளைக் கொண்டு இதையெல்லாம் நடத்துவது என்ற கேள்வியை நிறுவனங்கள் முதலில் கேட்கின்றன. நான் அதைக் கடைசியில் வைப்பேன். இன்ட்யூன், ஆம்னிசா, ஆப்பிள் கருவிகளுக்கான ஜாம்ஃப், சென்னையிலிருந்து ஜோஹோ தரும் மேனேஜ்என்ஜின் ஆகிய யாவும், கூகுளும் ஆப்பிளும் திறந்துவிட்ட அதே கதவுகள் வழியாகத்தான் கைபேசிக்குள் போகின்றன; அதனால் அடிப்படை அதிகாரங்களில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. வேறுபாடு, கைபேசிகளுக்குக் கட்டளை அனுப்பும் மேலாண்மைச் சேவையகத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் தொடங்குகிறது. 2023 ஜூலையில் நார்வே அரசின் 12 அமைச்சகங்கள் பயன்படுத்திய தளத்துக்குள் ஊடுருவியவர்கள், இவான்டி நிறுவனத்தின் கைபேசி மேலாண்மைச் சேவையகத்தில் இருந்த குறையின் வழியாகத்தான் நுழைந்தார்கள். கடவுச்சொல்லே இல்லாமல் நுழையவிட்ட அந்தக் குறைக்குத் தீவிர அளவீட்டில் 10-க்கு 10 தரப்பட்டது. சேவையகத்தைச் சொந்த வளாகத்தில் வைக்க விரும்புபவர்கள், திருத்தம் வெளியான அன்றே அதை நிறுவும் ஆள் தங்களிடம் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே வைத்தாலும், ஐபோன்களை நிர்வகிக்கத் தேவையான ஆப்பிளின் அறிவிப்புச் சான்றிதழை ஆண்டுக்கொருமுறை, முதலில் எடுத்த அதே கணக்கிலிருந்து புதுப்பிக்க வேண்டும். அதை விலகிப்போன ஒருவரின் பெயரிலான கணக்கில் எடுத்திருந்து, அந்தக் கணக்கையும் மூடிவிட்டிருந்தால், ஐபோன்கள் அனைத்தையும் மீண்டும் பதிவுசெய்ய நேரிடலாம்.

அலுவலகப் பணியாளர்களுக்குச் சொந்தக் கைபேசியில் பணிப்பகுதி, ஒப்பந்தக்காரர்களுக்குச் செயலிப் பாதுகாப்பு, கிடங்குக்கும் களப்பணிக்கும் முழுநிர்வாகம் என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. இரண்டாவது வழியை, நிறுவனம் எப்படியும் கைபேசி வாங்கிக்கொடுக்கப்போகிற மேலாளர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐபோனாக இருந்தால், கருவிகளை நிறுவனத்தின் பெயரில் பதியும் ஆப்பிளின் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் சேர்க்காமல் ஒன்றைக்கூடக் கையில் கொடுக்கக் கூடாது. அப்படிச் சேர்க்காமல் கொடுத்த ஐபோனில் ஊழியர் தம் சொந்த ஆப்பிள் கணக்கை இட்டு, தொலைந்த கருவியைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்காமல் திருப்பித் தந்துவிட்டுப் போனால், அழித்துத் திறந்த பின்னும் அது அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். எங்கள் ஐடி அறையின் அலமாரியில் அப்படி ஏழு ஐபோன்கள், ஒவ்வொன்றிலும் முன்னாள் ஊழியர் ஒருவரின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, இரண்டு ஆண்டுகளாகக் கிடந்தன.