விசார்டா, கையால் கட்டுவதா, ஒரே பக்கமா? ‘பின்செல்’ பொத்தானை வைத்து ஓர் ஒப்பீடு

சிஎஸ்வி கோப்பிலிருந்து (அட்டவணையைச் சாதாரண உரையாக வைக்கும் கோப்பு) உறுப்பினர் பட்டியலை உள்ளே எடுக்கும் ஒரு சின்ன டெஸ்க்டாப் நிரலை பைத்தானில், க்யூட்டி என்ற திரைக்கட்டுமான நூலகத்தைப் பைத்தானுக்குத் தரும் பைசைடு 6 வைத்து எழுதினேன். ‘அடுத்து’, ‘பின்செல்’ பொத்தான்களோடு படிப்படியாகக் கேட்டுச் செல்லும் டயலாக், அதாவது விசார்ட். நான்கு படிகள். முதலில் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து எழுத்துக் குறியாக்கமும் (எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டுள்ளன என்பது) பிரிப்பானும் (நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறி). மூன்றாவதில் கோப்பின் ஒவ்வொரு நெடுவரிசையும் தரவுத்தளத்தின் எந்தப் புலத்துக்குப் போகிறது என்று பொருத்த வேண்டும். கடைசியாக முன்னோட்டம், இறக்குமதி.

சோதித்துப் பார்த்த நண்பரின் கோப்பில் தலைப்பு வரிசை ஆங்கிலத்தில் இருந்தது, ஆட்களின் பெயர்கள் தமிழில். 22 நெடுவரிசைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திவிட்டு முன்னோட்டத்துக்கு வந்தபோதுதான் பெயர்களெல்லாம் உருத்தெரியாத குறிகளாக நிற்பதைப் பார்த்தார். இரண்டாம் படியில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும். பின்செல், பின்செல், மாற்றம், அடுத்து. மூன்றாம் படிக்குத் திரும்பினால் 22 பொருத்தங்களும் காலி. “மறுபடியும் முதல்ல இருந்தா?” என்று அவர் கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க இதே டயலாக்கை மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தேன். அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பயனர் பின்னால் போய்த் திரும்பி வந்தால் அவர் செய்துவைத்த வேலை அப்படியே இருக்கிறதா?

க்யூவிசார்ட்

க்யூட்டியில் 2007-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே க்யூவிசார்ட் என்ற தயார்நிலை விசார்ட் இருக்கிறது. பக்கங்களை எழுதிச் சேர்த்தால் போதும். பொத்தான்கள், அவற்றின் வரிசை, எப்போது எது மங்க வேண்டும் என்பது, எந்தப் பக்கங்கள் வழியாக வந்தோம் என்ற வரலாறு எல்லாம் அதன் பொறுப்பு. விண்டோஸிலும் மேக்கிலும் அந்தந்த இடத்து வழக்கப்படி தோற்றம் மாறும். கிளை பிரிய வேண்டுமா? பக்கத்தில் நெக்ஸ்ட்ஐடி என்ற செயற்கூறை மாற்றி எழுதி, அடுத்த பக்கத்தின் எண்ணைத் திருப்பித் தரலாம். பின்செல் அழுத்தினால் வந்த வழியிலேயே சரியாகத் திரும்புகிறது. இதைக் கையால் எழுதியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சிக்கல் தரவில்தான். பயனர் ‘அடுத்து’ அழுத்தி ஒரு பக்கத்துக்கு வரும்போதெல்லாம் அதைத் தயார்செய்யும் இனிஷியலைஸ்பேஜ் ஓடும். ‘பின்செல்’ அழுத்தி வெளியேறினால் க்ளீனப்பேஜ் ஓடி, ரெஜிஸ்டர்ஃபீல்ட் மூலம் விசார்டிடம் பதிவு செய்த புலங்களை (உள்ளீட்டுப் பெட்டிகளை) பழைய மதிப்புக்கே கொண்டுபோய்விடும். என் பொருத்தல் அட்டவணை பதிவு செய்த புலம் கிடையாது. ஆனால் அதை இனிஷியலைஸ்பேஜில்தான் கட்டினேன். ஆகவே இரண்டாம் முறை வந்தபோது புதிதாகக் கட்டப்பட்டது, பழையது போயிற்று. முந்தைய பக்கத்தின் பதிலை நம்பித்தான் இந்தப் பக்கம் நிற்கிறது, அந்தப் பதில் மாறியிருக்கலாம் என்பது க்யூட்டியின் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது.

சரி, இன்டிபென்டென்ட்பேஜஸ் என்று ஒரு விருப்பம் இருக்கிறதே என்று அதைப் போட்டேன். இப்போது ஒவ்வொரு பக்கமும் முதல் தடவை மட்டுமே தயாராகும், பின்னால் போனாலும் எதுவும் அழியாது. நண்பரின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் முதல் படிக்கே திரும்பி வேறு கோப்பைத் தேர்ந்தெடுத்தால், மூன்றாம் படியில் பழைய கோப்பின் நெடுவரிசைகளே நிற்கின்றன. உழைப்பு வீணாவதைக் காட்டிலும் இது மோசம். தவறான தரவு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

ரெஜிஸ்டர்ஃபீல்ட் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அந்தப் புலம் கட்டாயம் ஆகிவிடும். ஆனால் ‘நிரப்பியாயிற்று’ என்பதை அது எப்படி அறிகிறது? ஆரம்ப மதிப்பிலிருந்து மாறியிருக்கிறதா என்று பார்த்து. நல்லதொரு இயல்பு மதிப்பை கன்ஸ்ட்ரக்டரிலேயே (பக்கத்தை முதலில் உருவாக்கும் இடத்திலேயே) வைத்துவிட்டால், பயனர் அதைத் தொடாதவரை ‘அடுத்து’ மங்கியே கிடக்கும். காம்போ பெட்டியில் (கீழிறங்கும் பட்டியலில்) முதல் வரியே சரியான விடை என்றாலும் இதே கதைதான். இயல்பு மதிப்பை இனிஷியலைஸ்பேஜில் வைத்தால் தப்பிக்கலாம். காம்போவின் புலத்தைப் படித்தால் கிடைப்பது வரிசை எண், உரை வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

கையால் கட்டுவது

அடுக்கிய பக்கங்களில் ஒன்றை மட்டும் காட்டும் க்யூஸ்டாக்டுவிட்ஜெட்டில் நான்கு பக்கங்களை அடுக்கி, கீழே மூன்று பொத்தான்களை வைத்தால் பார்வைக்கு விசார்ட் தயார். அரை மணி நேர வேலை. அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். என்டர் விசை எந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும், பக்கம் மாறியதும் கர்சர் எங்கே நிற்க வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் கேட்டுவிட்டு மூடுவதா கேட்காமலா, வந்த வழியின் வரலாற்றை எதில் வைப்பது? இவை எல்லாம் சேர்ந்து எனக்கு இரண்டு நாளை எடுத்துக்கொண்டன. அதன் பிறகும் மேக்கில் அது அந்நியமாகவே தெரிந்தது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பக்கம் தாண்டும்போது நடக்கும் சரிபார்ப்பு. க்யூவிசார்டில் வேலிடேட்பேஜ் உடனே ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும். பெரிய கோப்பை அங்கே படித்தால் ஜன்னல் உறைந்துவிடும். கையால் கட்டியதில் பொத்தானை மங்கச் செய்து, வேலையைத் தனி த்ரெட்டில் (பின்னணியில்) ஓட்டி, முடிந்ததும் பக்கத்தை மாற்றினேன். க்யூவிசார்டிலும் சுற்றி வளைத்து இதைச் செய்யலாம், ஆனால் எழுதியதை ஆறு மாதம் கழித்துப் படித்தால் புரியாது. இரண்டாவது, பொத்தான்கள் என்னுடையவை என்பதால் தரவும் என்னுடையது என்ற எண்ணம் வந்தது. பதில்களை எல்லாம் பக்கங்களுக்கு வெளியே, திரையைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு சாதாரண வகுப்பில் (கிளாஸ்) வைத்தேன். கோப்பு மாறினால் எந்தப் பொருத்தத்தைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று அந்த வகுப்பே முடிவு செய்யும்: பழைய நெடுவரிசைப் பெயர் புதிய கோப்பிலும் இருந்தால் பொருத்தம் நிற்கும், இல்லாவிட்டால் போகும். ஜன்னலைத் திறக்காமலே இதற்குச் சோதனை எழுத முடிந்தது.

ஒரே பக்கம்

இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பழைய எக்செல்லின் உரை இறக்குமதி விசார்டில் மூன்று படிகள்: குறியாக்கம் முதல் படியில், பிரிப்பான் இரண்டாவதில், நெடுவரிசை வகை மூன்றாவதில். லிப்ரே ஆஃபிஸ் கால்க் அதே வேலையை ஒரே டயலாக்கில் முடிக்கிறது. மேலே எழுத்துத் தொகுதி, நடுவில் பிரிப்பான், கீழே முன்னோட்டம். குறியாக்கத்தை மாற்றினால் கீழே எழுத்துகள் உடனே மாறுகின்றன. தமிழ்க் கோப்புகளைத் திறப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! தவறு செய்த இடத்திலேயே தவறு தெரிகிறது, பின்செல்லும் தேவையே வரவில்லை. நான் பார்த்தவரை எக்செல் விசார்டும் ஒவ்வொரு படியிலும் முன்னோட்டம் காட்டும். என் விசார்ட் அதைக் கடைசிக்குத் தள்ளியது, தப்பு என்னுடையது.

ஆனால் 22 வரி பொருத்தலையும் இதே பக்கத்தில் திணித்தபோது அது தாங்கவில்லை. சின்ன மடிக்கணினித் திரையில் முன்னோட்டத்துக்கு இரண்டு வரிதான் மிஞ்சியது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வரை முக்கால் பக்கம் மங்கிக் கிடப்பதைப் பார்த்தால் புதியவர் மிரண்டுவிடுவார். இரண்டு மூன்று கேள்விகள் என்றால் ஒரே பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அதற்கு மேல் யோசிக்க வேண்டும்.

க்யூவிசார்டுக்கு வெளியே

ஜாவா உலகில் எக்லிப்ஸ் என்ற நிரலாக்கக் கருவியின் ஜேஃபேஸ் நூலகத்தில் உள்ள விசார்ட் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாப் பக்கங்களும் நிறைவு என்று சொன்னால் முதல் பக்கத்திலேயே ‘ஃபினிஷ்’ உயிர்பெறுகிறது, இயல்பு மதிப்புகள் போதும் என்பவர் அங்கேயே முடித்துவிடலாம். நீண்ட வேலையை முன்னேற்றப் பட்டையோடு ஓட்டும் வசதியும் டயலாக்கிலேயே இருக்கிறது. க்யூட்டி போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகே-யில் 2006-இல் 2.10 பதிப்போடு வந்த அசிஸ்டன்ட் (அதன் விசார்ட்) 4.10-இல் கைவிடப்பட்டது என்று குறிக்கப்பட்டுவிட்டது, இனி அதில் புதிதாகத் தொடங்காதீர்கள். க்யூட்டியிலேயே திரை கட்டும் இன்னொரு முறையான க்யூட்டி க்விக்கில் விசார்டே கிடையாது, பக்கங்களை அடுக்கும் ஸ்டாக்வியூ வைத்துக் கட்ட வேண்டும். காம்போனென்டைக் (பக்கத்தின் வார்ப்பு) கொடுத்து உருவாக்கிய பக்கம் பாப் செய்ததும் (அடுக்கிலிருந்து எடுத்ததும்) அங்கே அழிந்துபோகும். பதிலைப் பக்கத்துக்குள் வைத்தவருக்கு நண்பருக்கு நேர்ந்த அதே கதிதான்.

நான் எடுத்தது

மூன்றையும் கலந்துவிட்டேன். வெளிச்சட்டம் க்யூவிசார்ட்தான், பொத்தான் வேலையை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ரெஜிஸ்டர்ஃபீல்டைத் தொடவே இல்லை. எல்லாப் பதில்களும் கையால் கட்டியபோது எழுதிய அந்த வகுப்பில்தான் இருக்கின்றன. இனிஷியலைஸ்பேஜ் அதைப் படித்துத் திரையை வரைகிறது, அவ்வளவே. எத்தனை தடவை ஓடினாலும் எதுவும் தொலைவதில்லை. முதல் இரண்டு படிகளை முன்னோட்டத்தோடு ஒரே பக்கமாக்கினேன். படிகள் மூன்றாகக் குறைந்தன. பக்கவாட்டில் படிகளின் பட்டியல் வைத்து எந்தப் படிக்கும் தாவ விட வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், சட்டத்தையும் கையாலேயே கட்டியிருப்பேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பின்செல்வதை வேண்டுமென்றே அடைத்தேன். தரவுத்தளத்தில் எழுதிய பிறகு பின்னால் போவதற்கு அர்த்தமில்லை. பொருத்தல் பக்கத்தைக் கமிட்பேஜ் என்று குறித்தால் க்யூவிசார்ட் ‘நெக்ஸ்ட்’ இருந்த இடத்தில் ‘கமிட்’ பொத்தானை வைத்து, அதைத் தாண்டியதும் திரும்பும் வழியை மூடிவிடுகிறது. அந்தப் பொத்தானில் ‘இறக்குமதி செய்’ என்று எழுதினேன். கடைசிப் பக்கம் எத்தனை வரிகள் உள்ளே போயின என்று சொல்கிறது. தள்ளப்பட்டவற்றைத் தனி சிஎஸ்வி கோப்பாகத் தருகிறது. நண்பர் அதே 22 நெடுவரிசைக் கோப்போடு மறுபடி வந்தார். குறியாக்கத்தை முதல் பக்கத்திலேயே மாற்றிவிட்டு நேராகப் போனார், ஒரு தடவைகூடப் பின்செல்லைத் தொடவில்லை.