பிளிமத்: கணினித் திரையில் ஆத்தங்குடிக் கல்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வேலை நடக்கும் கணினியில் இருப்பது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். அதற்கு இரண்டு திரைகள். ஒன்று என் பக்கம், இன்னொன்று எதிரே உட்காரும் வாடிக்கையாளர் பக்கம். பெயர், விலாச எழுத்துகள் (இனிஷியல்), முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் அவர்கள் அந்தத் திரையில் படித்துத்தான் திருத்தம் சொல்வார்கள். காலையில் கடை திறந்ததும், பகலில் கரண்டு போய் வந்த பிறகும், கணினி எழும்புகிற நேரத்தில் அவர்கள் கண்ணில் என்ன படுகிறது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. அங்கே யாருடைய லோகோவோ வந்து போக வேண்டாம், நம்ம ஊர் அடையாளம் ஒன்று இருக்கட்டும் என்றுதான் பிளிமத்தில் கைவைத்தேன்.

கணினி எழும்போது திரையில் படம் காட்டும் மென்பொருள் பிளிமத். மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று லினக்ஸ் வகைகள் எல்லாவற்றுக்கும் உண்டு, காசு கிடையாது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல மென்பொருள், ஒரு நாள் மாலையை அதற்காக ஒதுக்கலாம். ஆனால் எளிய வழியில் செய்யுங்கள். ஆடம்பரமான அசைவுப் படங்களுக்கு ஆசைப்படாதீர்கள்.

பொத்தானை அமுக்கியதும் முதலில் வருவது மதர்போர்டுக்காரர் வைத்த படம். அதில் பிளிமத்துக்கு வேலை இல்லை. அடுத்து, எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரலாம், வராமலும் இருக்கலாம். அப்புறம் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏறி, உள்நுழையும் திரை வரும்வரை இருக்கும் இடைவெளிதான் பிளிமத்தின் இடம். அது இல்லையென்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். பழகியவர்களுக்கு அது ஒன்றும் இல்லை. பத்திரிகை அடிக்க வந்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்தால், கணினி கெட்டுப்போய்விட்டது, நம் வேலையும் போச்சு என்று பயப்படுகிறார்கள்.

ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த ரே ஸ்ட்ரோட் எழுதியது இது. 2008 நவம்பரில் வந்த ஃபெடோரா 10-இல் முதலில் இடம்பிடித்தது. அதற்கு முன் அங்கே இருந்த ஏற்பாடு, ஒரு படத்தைக் காட்டுவதற்காக, ஜன்னல்களைத் திரையில் வரையும் எக்ஸ் சர்வரையே ஒருமுறை கிளப்பி, பிறகு அணைத்து, உள்நுழைவுக்கு மறுபடி கிளப்பும். பிளிமத் அப்படிச் செய்யவில்லை. திரையின் அளவைக் கர்னலே அமைத்துக் கொடுக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. அதனால் படம் சீக்கிரம் வருகிறது, திரை நடுவில் கறுத்துக் கறுத்து மினுங்குவதும் குறைகிறது. உபுண்டு 2010 ஏப்ரலில், 10.04 பதிப்பில், இதற்கு மாறியது. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டியது என்பதால் எனக்கும் அதுவே வாய்த்தது.

இந்த ஆசை பழையதுதான். விண்டோஸ் 98-இல் சி டிரைவில் லோகோ டாட் சிஸ் என்ற பெயரில் ஒரு படத்தைப் போட்டு வைத்தால் தொடக்கத் திரையே மாறிவிடும். சாதாரண பிட்மேப்தான்: 320-க்கு 400 அளவு, 256 நிறம். பெயிண்டில் பார்க்கும்போது ஒல்லியாக நெட்டுக்குத்தாகத் தெரியும் படம், திரையில் வரும்போது அகலமாக இழுபட்டுச் சரியாக நிற்கும். கம்ப்யூட்டர் சென்டர்களில் பிள்ளையாரையும் ரோஜாப்பூவையும் இப்படித்தான் போட்டு வைத்தார்கள். இன்றைய விண்டோஸில் இவ்வளவு எளிதாக முடியாது. விண்டோஸ் 8-இலிருந்து மதர்போர்டின் லோகோவே தொடர்ந்து நிற்கிறது. அதை மாற்ற வெளியார் எழுதிய கருவிகள் உண்டு. அவை பூட் ஆகும் வழியிலேயே புகுந்து வேலை செய்பவை, கண்ட நிரலும் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட் காவலையும் தொட வேண்டிவரலாம். பிழைப்பு நடக்கும் கணினியில் அதை நான் செய்யமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். பிளிமத்தில் அந்தப் பயம் இல்லை. தீம் கெட்டுப்போனாலும் கணினி எழுந்துவிடும். எழுத்து வரிகள் தெரியும், அவ்வளவுதான்.

தீம் செய்ய இதில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ஸ்கிரிப்ட். அதற்கென்று ஒரு குட்டி மொழி இருக்கிறது, நிமிடத்துக்கு அல்ல, நொடிக்கு 50 தடவை வரை திரையை மாற்றி வரைய முடியும். இன்னொன்று டூ ஸ்டெப். அதில் நிரல் எழுத வேண்டாம், படங்களைச் சரியான பெயரில் ஃபோல்டரில் வைத்தால் போதும். எது எங்கே நிற்க வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண் கொடுக்கிறோம். 0 என்றால் மேலே, 1 என்றால் கீழே. கூடவே வரும் ஸ்பின்னர் என்ற தீம் இந்த வகைதான். நான் அதை வேறு பெயரில் நகல் எடுத்து வேலை செய்தேன். நகல் எடுப்பது அவசியம். அந்த ஃபோல்டரிலேயே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நகல் எடுத்த பிறகு, படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று சொல்லும் வரியையும் புது இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

டூ ஸ்டெப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பின்னணிதான். சின்னதாக ஒரு சதுரப் படம் கொடுத்தால் அதையே வரிசை வரிசையாக அடுக்கித் திரை முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். ஆத்தங்குடி பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சதுரத்தில் வேறு எதைப் போடுவது? தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த கலவையைத் தூவி, பிறகு சிமெண்டும் மணலும் குழைத்துப் பூசி, உலர்த்தித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மேல்பக்கப் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான். ஒரு கல்லின் மூலையில் கால் பூ, நான்கு கல் சேர்ந்தால் ஒரு முழுப்பூ. திரையில் அடுக்குவதற்கென்றே செய்தது போன்ற வடிவம்.

கல்லைப் போட்டோ எடுத்து அப்படியே போடுவது வேலைக்கு ஆகாது. பளபளப்பில் வெளிச்சம் ஒரு பக்கமாக அடிக்கும், அடுக்கும்போது திரை முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். அதனால் ஒரு கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புதிதாக வரைந்தேன். கால்வாசி வரைந்து திருப்பித் திருப்பி ஒட்டினால் மூலைகள் தாமாகப் பொருந்திவிடும். அளவு 120-க்கு 120 பிக்ஸல். என் பக்கத் திரை 1920-க்கு 1080. குறுக்கே 16 கல், நெடுக்கே 9 கல், துளி மிச்சம் இல்லாமல் உட்காரும். எதிர்ப்பக்கம் இருப்பது 1366-க்கு 768 அளவுள்ள பழைய திரை. அதில் ஓரக் கல் வெட்டுப்படுகிறது. வீட்டில் சுவரோரம் கல்லை வெட்டித்தான் பதிக்கிறோம், கண்ணை உறுத்துவதே இல்லை. இரண்டு திரைகளிலும் ஒரே நேரத்தில் படம் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காக நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

நிறத்தில் கவனம் வேண்டும். தரையில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எவ்வளவு அழகோ, வெளிச்சம் வீசும் திரையில் அவ்வளவு கண்ணைக் குத்தும். மேலே சுற்றும் சின்னப் பூவும் தெரியாது. நிறங்களை நன்றாக அடக்கி, சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) எப்படித் தெரியுமோ அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சரியாக அமைந்தது. நடுவில் சுற்றுவது அதே கல்லின் பூ. எட்டு இதழும் ஒரே மாதிரி என்பதால் 45 பாகை திருப்பினாலே பழைய உருவம் வந்துவிடும். அந்த 45 பாகைக்கு மட்டும் படங்கள் செய்து வரிசை எண் போட்டு வைத்தால் முழுச் சுற்றுப் போலவே ஓடும். படங்கள் குறைவு, கோப்பும் சிறியது.

கோப்பு சிறியதாக இருப்பது நல்லது. இந்தப் படங்கள் எல்லாம் கர்னலோடு முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற பொதிக்குள் போகின்றன. பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தவர்களுக்கு, இந்தப் பொதி இருக்கும் பூட் பகுதி தனியாக, சிறியதாக இருக்கும். பழைய கர்னல்கள் சேரச் சேர ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதி. பெரிய பெரிய படமாகப் போட்டால் அந்த இடம் நிறைந்து அப்டேட்டே நின்றுபோகும். இணையத்தில் கிடைக்கும் பல தீம்களில் சினிமா மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை. எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கிறது. அதற்குள் யார் முழுதாகப் பார்க்கப்போகிறார்கள்?

தமிழ் எழுத்து விஷயத்தை அச்சுத் தொழிலில் இருப்பவளாகச் சொல்கிறேன். கடைப் பெயரும் ‘வாங்க’ என்ற சொல்லும் திரையில் வர வேண்டும் என்பது என் ஆசை. அதை எழுத்தாகக் கொடுக்காதீர்கள், படமாகக் கொடுங்கள். அந்த ஆரம்பக் கட்டத்தில் தமிழ் எழுத்துரு பொதிக்குள் இருக்காது. கொண்டுபோய் வைத்தாலும், கொம்பையும் காலையும் இடம் பார்த்துச் சேர்க்கும் வேலை அங்கே ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடியாது. எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வாடிக்கையாளர் முன்னால் தெரிந்தால் அச்சுக்கடைக்கு என்ன மரியாதை? பத்திரிகைக்குப் பயன்படுத்தும் எழுத்துருவிலேயே அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, வாட்டர்மார்க் என்ற பெயரில் வைத்தேன். ஒவ்வொரு சுழியும் அச்சில் இருப்பது போலவே வருகிறது.

தீம் ஃபோல்டர் தயாரானதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குப் போக வேண்டும். அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளையில் நம் தீமைச் சேர்த்து, அதையே தேர்ந்தெடுத்து, கடைசியில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டளையைக் கொடுக்காதவரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பழைய படம்தான் வரும். ஃபெடோராவில் இதெல்லாம் ஒரே கட்டளை. மின்ட்டில் வால்பேப்பரையும் உள்நுழைவுத் திரையையும் மவுஸால் மாற்ற முடியும்போது, இதற்கு மட்டும் அமைப்புகளில் இடம் இல்லாதது பெரிய குறை. இன்னொரு குறை, விளக்கக் குறிப்புகள். டூ ஸ்டெப்பில் எந்தப் படத்துக்கு என்ன பெயர் என்பதையே, கூட வந்த தீம்களைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அழகைவிட நான் மதிப்பது இரண்டு விஷயங்களை. எங்கள் கணினியில் ஊரில் பாதிக் குடும்பங்களின் பெயரும் முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன, அதனால் டிஸ்க் என்கிரிப்ட் செய்தது. அதற்கான பாஸ்வேர்டைக் கேட்பதும் பிளிமத்தான், நம் தீமுக்கு உள்ளேயே கேட்கிறது. ஸ்பின்னரை நகல் எடுத்ததால் பாஸ்வேர்டுக் கட்டமும் புள்ளியும் கூடவே வந்துவிட்டன. பாஸ்வேர்டை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தமிழ்த் தட்டச்சு ஓடாது. இரண்டாவது, எஸ்கேப் பொத்தான். அதை அமுக்கினால் படம் விலகி, பின்னால் ஓடும் வரிகள் எல்லாம் தெரியும். மறுபடி அமுக்கினால் கல் திரும்ப வரும். கரண்டு பட்டென்று போய் வந்த பிறகு, டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறதா, எங்காவது நின்றுவிட்டதா என்று பார்க்க இது போதும். உள்ளே நடப்பதை மறைக்காத இந்தக் குணத்துக்காகவே பிளிமத்தை நம்புகிறேன்.

வாடிக்கையாளர்கள் என்ன சொன்னார்கள் என்றால், பேரனுடைய பத்திரிகைக்காக வந்த ஓர் ஆச்சி கணினியைப் போட்டதும் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க பட்டாலையில கெடக்குற கல்லுல்ல ஆத்தா இது! இதையே பத்திரிகை ஓரத்துல சுத்தி வரப் போட்டுத் தரியா?” என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வரைந்த படம் ஏற்கெனவே கையில் இருந்ததால் அன்றைக்கே மாதிரியும் காட்ட முடிந்தது.

யாருக்கு வேண்டாம்? தயாரித்த நிறுவனமே தரும் தனி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேவைப்படும் கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். திரையின் அளவைக் கர்னல் அமைக்க அந்த டிரைவர் வழிவிடாத வரைக்கும் படம் பெரிதாகப் பிதுங்கி வரும், அல்லது வராமலே போகும். மதர்போர்டுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சாதாரணக் கணினியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு ஒன்றை விடுதியாக நடத்துபவர்கள் என் கடைத் திரையைப் பார்த்துவிட்டு, வரவேற்பு மேசைக் கணினிக்கும் இப்படிச் செய்து தரச் சொன்னார்கள். அவர்களிடம் இருப்பது அந்த வகைக் கார்டுதான். முதலில் டிரைவரில் அந்த அமைப்பைத் திறந்துவிட வேண்டும். அது முடிவதற்குள், அவர்கள் முகப்புத் தரையில் இருக்கும் நீலக் கல்லை நேர் மேலிருந்து, வெயில் படாத நேரத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.