கபடாகண்டா சால்வை: வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்

முரட்டு வெள்ளைத் துணி, அதன் மேல் மஞ்சள், சிவப்பு, பச்சை நூலில் கோடுகளும் முக்கோணங்களும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பெண்கள் கையால் பூவேலை செய்யும் சால்வை இது. 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

துணியை அவர்கள் நெய்வதில்லை. டோம் சமூகத்தாரிடம் வாங்கிக்கொள்வது வழக்கம். ஊசி வேலைதான் இவர்களுடையது. முதலில் கோடு வரைந்துகொள்ளாமல், துணியின் இழையை எண்ணியே தைக்கிறார்கள். அதனால்தான் நெசவு நெருக்கமான இடத்தில் முக்கோணம் கொஞ்சம் குறுகும், தளர்ந்த இடத்தில் அகலும். இதைக் குறையென்று திருப்பி அனுப்பாதீர்கள். பத்து முக்கோணமும் அச்சில் வார்த்தது போல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பின்பக்கம் பாருங்கள். கைவேலையில் முடிச்சும், ஒரு உருவிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நூலும் தெரியும். பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை பாபின் நூல் (தையல் மெஷினின் அடிநூல்) ஓடினால் மெஷின் வேலை. பின்பக்கம் நூலே இல்லையென்றால் வெறும் பிரிண்ட்.

அந்த முக்கோணம் மலையைக் குறிப்பது. பச்சை அதன் செழிப்பு, சிவப்பு பலியின் ரத்தம். மலை அவர்களுக்கு நியம் ராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். அதன் உச்சியிலுள்ள பாக்சைட்டை (அலுமினியத்தின் தாது) வேதாந்தாவின் லாஞ்சிகர் ஆலைக்காக வெட்டத் திட்டமிட்டார்கள் (தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தாதான்). 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பற்றிய முடிவை கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும், ஒன்றுகூடப் பிசகாமல், சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. இதையெல்லாம் சொல்லாமல் 'ட்ரைபல் டிசைன்' என்று மட்டும் சீட்டு ஒட்டி விற்பது அநியாயம். செய்தவர் எந்த ஊர், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

துவைப்பதில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் ஈரப் பஞ்சால் சிவப்பு நூலைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீரில் ஊறவே விடாதீர்கள், வெள்ளைத் துணி ரோஸாகிவிடும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், நிற்காது. சாயம் போகாதென்றால் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் விரித்துக் காயவிடுங்கள். வெந்நீர் பட்டால் துணி சுருங்கும், பூவேலை அதே அளவு சுருங்காது, ஓரம் சுருக்கம் விழும். மோதிரத்தில் மாட்டி நூல் வெளியே வந்தால் வெட்டாமல் ஊசியால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். இஸ்திரி போடும்போது அடியில் ஒரு துண்டை விரித்து, பூவேலை கீழே இருக்கும்படி போட வேண்டும்.

ராயகடா மாவட்டத்தில் சட்டிகோனா புதன் சந்தைக்கு டோங்ரியா மக்கள் மலையிறங்கி வருவார்கள். அங்கே போனால், ஒருவர் தோளில் கிடக்கும் சால்வைக்கு விலை கேட்காதீர்கள். அது தங்கை அண்ணனுக்கோ, மகள் அப்பாவுக்கோ தைத்துக் கொடுத்ததாக இருக்கும்.